ஆர்.என்.ஏ. தரமும் ஆய்வு முறைத் தேர்வும்

நுழையும்முன்

மூக்கிலும் தொண்டையிலும் ஒரு மெல்லிய குச்சியைச் செலுத்தி மாதிரி எடுப்பதைப் பெருந்தொற்றுக் காலத்தில் நாம் அனைவரும் கண்டோம். ஓரிரு நாளில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் விடை வந்தது. குச்சிக்கும் விடைத்தாளுக்கும் இடையில் நடந்தது என்ன? அந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம்? அதனை நம்பத்தக்கதாக ஆக்குவன யாவை? இவ்வினாக்களை மதுரை மண்ணிலிருந்து எழுப்பி விடை தேடுகிறது இப்பாடம்.

மதுரையில் ஒரு நள்ளிரவு

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள். நாடு முழுவதற்குமான ஊரடங்கு தொடங்கிய முதல் நாள். அன்று அதிகாலைப் பொழுதில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஒருவர் உயிரிழந்தார். கொரோனா தொற்றால் தமிழ்நாட்டில் நிகழ்ந்த முதல் இறப்பு அது. மாநிலத்தின் முதல் தொற்று கண்டறியப்பட்டு அப்போது மூன்று வாரங்கள்கூட நிறைவுறவில்லை.

அம்மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இத்தொற்றை ஆய்ந்து சொல்ல ஏற்பளிக்கப்பட்டிருந்த ஆய்வகங்கள் இரண்டே. ஒன்று, சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம். மற்றொன்று, தேனி அரசு மருத்துவக் கல்லூரி. மதுரையில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு மாதிரி எடுத்தால், அது உசிலம்பட்டி வழியாக ஏறத்தாழ 75 கிலோமீட்டர் பயணம் செய்து தேனியை அடைய வேண்டும். அல்லது அதனினும் ஆறு மடங்கு தொலைவில் உள்ள சென்னைக்குச் செல்ல வேண்டும். பின்னர் மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே ஆய்வு தொடங்கியது. மாநிலமெங்கும் ஆய்வகங்கள் பெருகின. எனினும், வெயில் ஏறத் தொடங்கிய அந்த மார்ச் மாதத்தில் பெட்டிக்குள் அடைபட்டுச் சாலையில் சென்ற சிறு குழாயின் உள்ளே இருந்தது, உயிரியலில் மிக எளிதில் சிதையும் பொருள்களுள் ஒன்றாகும். அதன் பெயர் ஆர்.என்.ஏ.

மல்லிகை போலும் ஒரு மூலக்கூறு

உயிரின் மரபுச் செய்தி டி.என்.ஏ. இழையில் எழுதப்பட்டிருக்கிறது. அச்செய்தியின் ஒரு பகுதி தேவைப்படும்போது, செல் அதனை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்துப் பயன்படுத்துகிறது. ‘படியெடுத்தல்’ என்னும் சொல்லை அறிவியலார் ஓலைச்சுவடி மரபிலிருந்தே பெற்றனர் எனலாம். மூல ஏடு பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கும். படி எழுதப்படும், பயன்படுத்தப்படும், பிறகு கழித்துக் கட்டப்படும். படியாகிய ஆர்.என்.ஏ. நெடுங்காலம் நிலைத்திருப்பதற்காக உருவானதன்று.

சில வைரஸ்களிலோ மூல ஏடே ஆர்.என்.ஏ.தான். கொரோனா வைரஸ், டெங்கு வைரஸ், சிக்குன்குனியா வைரஸ் ஆகியவை அவ்வகையின. (நச்சுயிரி, தீநுண்மி என்று தமிழில் இரண்டு நல்ல சொற்கள் இருக்கவும், வைரஸ் என்பதே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது, இப்பாடமும் அதனையே ஆள்கிறது.) கொரோனா வைரஸின் மரபிழை ஏறத்தாழ 30,000 எழுத்துகள் நீளமுடையது. ஆர்.என்.ஏ. வைரஸ்களுள் இது மிக நீண்ட இழைகளுள் ஒன்று.

ஆர்.என்.ஏ. ஏன் எளிதில் சிதைகிறது? அதன் முதுகெலும்பாக அமைந்த ரைபோஸ் சர்க்கரையின் இரண்டாம் கார்பன் அணுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. டி.என்.ஏ.வின் சர்க்கரையில் அந்த இடத்தில் அத்தொகுதி இல்லை. இந்தச் சிறு வேறுபாடே பெருந்தீங்கு செய்கிறது. அத்தொகுதி தன் அருகிலுள்ள பிணைப்பையே தாக்கி இழையை அறுத்துவிடும். காரத்தன்மையும் வெப்பமும் இதனை விரைவுபடுத்தும்.

இதனினும் பெரிய பகை வெளியில் உள்ளது. ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகளுக்கு ஆர்.என்.ஏஸ் என்று பெயர். அவை நம் தோலில் உள்ளன, எச்சிலில் உள்ளன, ஆய்வக மேசையில் படியும் தூசியில் உள்ளன. பெரும்பாலான நொதிகள் கொதிநிலையில் அழியும். ஆனால், ஆர்.என்.ஏஸ்-ஏ என்னும் நொதி நான்கு இருகந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டது. கொதிக்க வைத்தால் குலையும். ஆறியதும் மீண்டும் தன் பழைய வடிவத்துக்கே மடிந்துகொள்ளும். ஆகவேதான் இவ்வாய்வுக்குரிய கண்ணாடிக் கலங்களைக் கழுவி உலர்த்தினால் மட்டும் போதாது; 180 பாகை செல்சியசில் பல மணி நேரம் சூடேற்றுகின்றனர். நீரைக்கூட டைஎத்தில் பைரோகார்பனேட் என்னும் வேதிப்பொருளால் பதப்படுத்திய பிறகே பயன்படுத்துகின்றனர். ஆய்வாளர் கையுறை அணிவது தம்மைக் காத்துக்கொள்ள மட்டுமன்று. தம் விரல்களிலிருந்து மாதிரியைக் காக்கவுமாம்.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையைக் கண்டவர்கள் ஒன்றை அறிவர். மதுரை மல்லிகை மொட்டாக இருக்கும்போதே பறிக்கப்பட்டு, தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டியோடு அடைக்கப்பட்டுத் தொலைவூர்களுக்குச் செல்கிறது. பெட்டியைத் திறக்கும்போது மலர் எப்படி இருக்கும் என்பது பறித்த வேளையையும் வழியில் காத்த குளிர்ச்சியையும் பொறுத்தது. ஆய்வுக்குச் செல்லும் மாதிரியும் அப்படித்தான். எடுத்த கணத்திலேயே அதன் தரம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பின்னர் எந்தக் கருவியாலும் அதனை உயர்த்த இயலாது. இருப்பதைக் காக்க மட்டுமே இயலும்.

குச்சியிலிருந்து குழாய்க்கு

மாதிரி எடுக்கும் குச்சியிலும் நுட்பம் உண்டு. பருத்தி சுற்றிய மரக்குச்சி இதற்கு ஆகாது. மரத்திலும் பருத்தியிலும் உள்ள சில பொருள்கள் பிந்தைய வினையைத் தடுத்துவிடும். எனவே, செயற்கை இழை நுனியும் நெகிழிக் காம்பும் உடைய குச்சியே பயன்படுகிறது. எடுத்த மாதிரி, வைரஸ் கடத்து ஊடகம் எனப்படும் நீர்மத்தில் இடப்பட்டு, மூன்றடுக்குப் பொதியில் வைக்கப்பட்டு, 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் கொண்டு செல்லப்படுகிறது. சில நாள்களுக்குள் ஆய்வு நடைபெறாதெனில், சுழியத்துக்குக் கீழ் 70 பாகையில் உறையவைக்க வேண்டும். உறைவதும் உருகுவதுமாக மாறிமாறி இருப்பின் இழை மேலும் நொறுங்கும்.

ஆய்வகத்தில் முதல் வேலை, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது. குவானிடினியம் தயோசயனேட் என்னும் உப்பு இதில் முதன்மையானது. அது வைரஸின் உறையை உடைக்கும். அதே நேரத்தில் அங்குள்ள ஆர்.என்.ஏஸ் நொதிகளின் வடிவத்தையும் குலைத்துச் செயலிழக்கச் செய்யும். இவ்வுப்போடு பீனாலும் குளோரோபாரமும் சேர்த்து ஒரே படியில் பிரித்தெடுக்கும் முறையைக் கோம்சின்ஸ்கி, சாக்கி ஆகிய இருவரும் 1987இல் வெளியிட்டனர். ஆராய்ச்சிக்கூடங்களில் இன்றும் அது வழக்கில் உள்ளது. மருத்துவ ஆய்வகங்களில் சிலிக்காப் படலம் கொண்ட சிறு குழாய்களோ காந்த மணிகளோ மிகுதியாகப் பயன்படுகின்றன. உப்பு மிகுந்த கரைசலில் ஆர்.என்.ஏ. சிலிக்காவைப் பற்றிக்கொள்ளும், அழுக்குகளைக் கழுவிய பின், உப்பற்ற நீரை ஊற்றினால் பிடி தளர்ந்து நீரில் இறங்கிவிடும்.

தரத்தை எவ்வாறு அறிவது?

பிரித்தெடுத்தது உண்மையிலேயே ஆர்.என்.ஏ.தானா, அது தூயதா, முழுமையானதா என்பன மூன்றும் வெவ்வேறு வினாக்கள். மாணவர்கள் பலர் இவற்றை ஒன்றெனக் கருதுவதுண்டு. இவற்றுக்கு ஒரே ஆய்வால் விடை கிடைப்பதில்லை.

அளவையும் தூய்மையையும் ஒளியால் அறியலாம். ஆர்.என்.ஏ. 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை மிகுதியாக உறிஞ்சும். உறிஞ்சல் அளவு 1 எனில், ஒரு மில்லிலிட்டரில் 40 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. உள்ளது என்பது கணக்கு. உறிஞ்சல் 0.5 என்றால் 20 மைக்ரோகிராம். புரதமோ 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். எனவே 260இல் கிடைத்த அளவை 280இல் கிடைத்த அளவால் வகுத்தால், தூய ஆர்.என்.ஏ.வுக்கு ஏறத்தாழ 2.0 என்னும் ஈவு கிடைக்கும். இது குறைந்தால் புரதமோ பீனாலோ கலந்துள்ளது என ஐயுறலாம். 230இல் கிடைக்கும் அளவால் வகுக்கும்போதும் 2.0 முதல் 2.2 வரை இருத்தல் நன்று. அது வெகுவாகக் குறைந்தால், பிரித்தெடுக்கப் பயன்படுத்திய உப்பே கழுவப்படாமல் எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஈவு 2.0 வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இழை முழுமையாக இருந்தாலும் ஆயிரம் துண்டுகளாக நொறுங்கியிருந்தாலும் ஒளி உறிஞ்சல் ஏறக்குறைய ஒன்றே. ஒரு சுவடிக்கட்டை எடைபோட்டு அதில் எத்தனை ஏடுகள் கிழியாமல் உள்ளன என்று சொல்ல முடியுமா? ஒளிமானியும் எடைபோடும் கருவியே. படித்துப் பார்க்கும் கண் அன்று.

முழுமையை அறிய இழைகளை நீளவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனிதச் செல்லின் ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி ரைபோசோமுக்கு உரியது. அதில் 28எஸ், 18எஸ் என்னும் இரு நீண்ட இழைகள் உண்டு. முன்னது ஏறத்தாழ 5,000 எழுத்துகளும் பின்னது ஏறத்தாழ 1,900 எழுத்துகளும் உடையது. அகரோஸ் கூழ்மத்தில் மின்சாரம் செலுத்தி ஓடவிட்டால், நல்ல மாதிரியில் இரு தெளிவான பட்டைகள் தோன்றும். 28எஸ் பட்டை மற்றதைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஒளிரும். சிதைந்த மாதிரியில் பட்டைகள் மங்கிக் கீழ்நோக்கி இழுவிய புகைபோலப் படரும். இதனையே நுண்குழாய்களில் ஓட்டிக் கணினியால் மதிப்பிட்டு, 1 முதல் 10 வரை ஓர் எண்ணாகத் தரும் கருவிகளும் வந்துள்ளன. அவ்வெண் ஆர்.என்.ஏ. முழுமை எண் எனப்படும். 10 என்பது முழுமை. 1 என்பது முற்றிலும் சிதைவு. குறுகிய பகுதியைப் பெருக்கும் ஆய்வுக்கு 5க்கு மேற்பட்ட எண் பெரும்பாலும் போதுமானது. இழை முழுவதையும் வரிசைப்படுத்தும் ஆய்வுகள் அதனினும் உயர்ந்த எண்ணை வேண்டும்.

இன்னொரு சோதனை, அளவீட்டுக் கருவிகள் எவையும் சொல்லாததைச் சொல்லும். கிடைத்த ஆர்.என்.ஏ. கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து, மூலத்தையும் நீர்த்ததையும் அருகருகே ஆய்வுக்கு உட்படுத்துவர். வினை சரியாக நடந்தால், நீர்த்த மாதிரி ஏறத்தாழ 3.3 சுழற்சிகள் தாமதமாகவே வெளிப்பட வேண்டும். அவ்வளவு தாமதம் இல்லையெனில், மூலக் கரைசலில் வினையைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. நீர்த்தபோது அத்தடையும் நீர்த்துப்போயிற்று. செலவில்லாத இச்சோதனையை எல்லாரும் எல்லா நேரமும் செய்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

ஆர்.டி. என்னும் சுருக்கம் இரு பொருள் தரும் சிலேடை. ‘பின்னோக்கிப் படியெடுத்தல்’ என்பதும் அதுவே. ‘நிகழ்நேரம்’ என்பதும் அதுவே. கொரோனா ஆய்வில் இரண்டும் ஒருங்கே அமைந்தன. ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியை 1970இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர்; 1975இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். டி.என்.ஏ.வைப் பன்மடங்கு பெருக்கும் பாலிமரேஸ் சங்கிலி வினையைக் கேரி முல்லிஸ் 1983இல் கண்டறிந்து 1993இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வினைக்கு உதவும் வெப்பம் தாங்கும் நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீரூற்றில் வாழும் பாக்டீரிய இனத்திலிருந்து கிடைத்தது.

குச்சி மாதிரியின் தனி இயல்பு

மேற்சொன்ன அளவீடுகள் யாவும் ஆராய்ச்சிக்கூடத்தில் செல்களையோ திசுவையோ எடுத்து ஆயும்போது பொருந்துவன. மூக்குக் குச்சியில் கிடைக்கும் ஆர்.என்.ஏ. கூழ்மத்தில் பட்டையாகத் தெரியும் அளவுக்கு இராது. மேலும், பிரித்தெடுக்கும்போது மிகச் சிறிதளவான வைரஸ் ஆர்.என்.ஏ. நழுவிப் போகாதிருக்க, ‘ஊர்தி ஆர்.என்.ஏ.’ ஒன்றைச் சில முறைகளில் வெளியிலிருந்து சேர்ப்பர். அப்போது ஒளிமானி காட்டும் அளவு பெரும்பாலும் நாம் சேர்த்ததன் அளவே! அதனைப் பார்த்து மாதிரி நன்று என்று கூறினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

எனவே, இவ்வாய்வில் வேறு வழியைக் கையாளுகின்றனர். ஒவ்வொரு மாதிரியிலும் வைரஸின் மரபணுவோடு மனித மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடுவர். பெரும்பாலும் ஆர்.என்.ஏஸ்-பி எனப்படும் மரபணு அதற்குத் தெரிவு செய்யப்பட்டது. குச்சி சரியான இடத்தைத் தொட்டிருந்தால் நோயாளியின் செல்கள் சில அதில் ஒட்டியிருக்கும். மனித மரபணு வெளிப்படும். வைரஸும் வெளிப்படவில்லை, மனித மரபணுவும் வெளிப்படவில்லை என்றால், அம்மாதிரிக்கு ‘தொற்று இல்லை’ என்னும் விடை தருதல் பெரும்பிழை. அது விடையே அன்று. மாதிரியை மீண்டும் எடுக்க வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாடு இல்லாதிருந்தால், அச்சத்தால் குச்சியைப் பாதி தொலைவே செலுத்திய ஒருவரின் வேலை, நோயாளியை ‘நலமுடையவர்’ என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கும். வீட்டில் முதியவர்கள் இருந்திருப்பர்.

இக்கட்டுப்பாட்டுக்கும் எல்லை உண்டு. ஆர்.என்.ஏஸ்-பி தேடலில் பயன்படும் பல தொடக்கிகள் மனித டி.என்.ஏ.வையும் பெருக்கவல்லவை. டி.என்.ஏ. வெயிலைத் தாங்கி நிற்கும். ஆகவே, மனித மரபணு நன்கு வெளிப்பட்டது என்பதால் செல் கிடைத்தது, பிரித்தெடுப்பு நடந்தது, தடைப்பொருள் இல்லை என்று கூறலாம். வழியில் வைரஸின் ஆர்.என்.ஏ. சிதையவே இல்லை என்று உறுதி கூற இயலாது. குளிர்ப்பெட்டிக்கு மாற்று எதுவுமில்லை என்பதற்கு இதுவே காரணம்.

முறையைத் தேர்தல்

ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்ற வேண்டும். பின்னர் அதனைப் பெருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே குழாயில் தொடர்ந்து செய்வது ஒருபடி முறை. தனித்தனிக் குழாய்களில் செய்வது இருபடி முறை. எது சிறந்தது என்று கேட்பது பொருளற்றது. எதற்கு என்று கேட்டல் வேண்டும்.

ஒருபடி முறையில் குழாய் ஒருமுறை மூடப்பட்டால் பின்னர்த் திறக்கப்படுவதில்லை. ஏறத்தாழ 50 பாகையில் படியெடுப்பு முடிந்ததும், வெப்பம் 95 பாகைக்கு ஏறி இறங்கிச் சுழலத் தொடங்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் டி.என்.ஏ. இரட்டிக்கும். குறைவில்லாமல் 40 சுழற்சிகள் இரட்டித்தால் ஓர் இழை ஒரு இலட்சம் கோடிக்கும் மேலாகும். இத்தனை பெருக்கம் நிகழும் இடத்தில் குழாயைத் திறந்தால், காற்றில் பறக்கும் ஒரு துளி அடுத்த நோயாளியின் மாதிரியைக் கெடுத்துவிடும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மாதிரிகள் வரும் மருத்துவ ஆய்வகத்துக்கு ஒருபடி முறையே உகந்தது.

இருபடி முறையில் முதலில் கிடைக்கும் டி.என்.ஏ.வைச் சேமித்து வைக்கலாம். ஒரே மாதிரியில் இருபது மரபணுக்களைத் தேட விரும்பும் ஆராய்ச்சி மாணவருக்கு அது வாய்ப்பானது. அங்கே ஆர்.என்.ஏ.வின் தரம் தேர்வோடு நேரே தொடர்புகொள்கிறது. செய்தி ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் அடினின் எழுத்துகள் வரிசையாக நிற்கும். அவ்வாலைப் பற்றித் தொடங்கும் தொடக்கியைப் பயன்படுத்தினால், படியெடுப்பு வாலிலிருந்து தலையை நோக்கிச் செல்லும். இழை நடுவில் அறுந்திருந்தால் தலைப்பகுதி படியெடுக்கப்படாமலே போகும்.

பதிற்றுப்பத்தை எண்ணிப் பாருங்கள். பத்துப் பத்துகளாக அமைந்த அந்நூலில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. தொடக்கமும் முடிவும் இழந்த அந்நூலின் இடைப்பட்ட எட்டுப் பத்துகளையும் உ.வே.சாமிநாதர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். ஏடு முழுமையாக இருந்தால்தான் படிப்பேன் என்று அவர் பிடிவாதமாக இருந்திருந்தால் நமக்கு எதுவும் எஞ்சியிராது. சிதைந்த ஆர்.என்.ஏ.வைக் கையாள்வதும் இவ்வாறே. வாலை மட்டும் நம்பாமல், இழையின் பல இடங்களில் ஒட்டும் ஆறெழுத்துத் தொடக்கிகளைப் பயன்படுத்துவர். பெருக்கும் பகுதியை 70 முதல் 150 எழுத்துகள் வரை குறுக்கிக்கொள்வர். 30,000 எழுத்து இழை நூறு துண்டுகளாக நொறுங்கினாலும், தேடும் நூறு எழுத்துகள் ஏதேனும் ஒரு துண்டில் முழுமையாக இருக்க வாய்ப்பு மிகுதி. கொரோனா ஆய்வில் ஒரே மரபணுவை நம்பாமல் உறைப் புரத மரபணு, படியெடுப்பு நொதி மரபணு எனக் குறைந்தது இரண்டைத் தேடியதும் இத்தகைய முன்னெச்சரிக்கையே.

வெளிப்படும் விடையைக் கண்ணால் காண ஒளிரும் பொருள் தேவை. எந்த இரட்டை இழையோடும் ஒட்டி ஒளிரும் சாயம் மலிவானது. ஆனால், தவறாகப் பெருகியதற்கும் ஒளிர்ந்துவிடும். குறித்த எழுத்து வரிசையோடு மட்டும் ஒட்டும் துப்பறி இழை விலை மிகுந்தது. பிறிதொன்றைக் கண்டு மயங்காது. ஆராய்ச்சிக்குச் சாயம் போதும். ஒருவரைத் தனிமைப்படுத்துவதா வேண்டாவா என்னும் முடிவுக்குத் துப்பறி இழையே வேண்டும்.

ஒரு மாநிலத்தின் தேர்வு

தனி ஆய்வகத்துக்கு மட்டுமன்றி, ஒரு மாநிலத்துக்கே முறையைத் தேர வேண்டிய நெருக்கடி 2020இல் நேர்ந்தது. குருதித்துளியில் எதிர்ப்பொருளைக் கண்டறியும் விரைவுக் கருவிகள் ஏப்ரலில் வந்திறங்கின. உடல் எதிர்ப்பொருளை உருவாக்கவே பல நாள்கள் ஆகும் என்பதால், தொற்றின் தொடக்கத்தில் அவை பயன்படா. அதன் மேலும், அவற்றின் விடைகள் மாநிலத்துக்கு மாநிலம் முரண்பட்டன. ஏப்ரல் 27ஆம் நாள், அவ்வாறு வாங்கியவற்றைப் பயன்படுத்தாமல் திருப்பியனுப்புமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

சூன் மாதத்தில் வேறொரு கருவி வந்தது. அது வைரஸின் புரதத்தையே நேரடியாகக் கண்டறிவது. அரைமணி நேரத்தில் விடை தருவது. ‘உண்டு’ என்று அது சொன்னால் பெரும்பாலும் உண்மை. ‘இல்லை’ என்று சொன்னால்தான் இடர். கழகத்தின் மதிப்பீட்டில், தொற்றுள்ளவர்களுள் 50.6 முதல் 84 விழுக்காட்டினரையே அது கண்டறிந்தது. தொற்றுள்ள 1,000 பேரை அதனால் ஆய்ந்தால், நல்ல நிலையில் 160 பேரும் மோசமான நிலையில் 494 பேரும் தப்பிவிடுவர். ஆகவேதான், நோய்க்குறி உள்ளவருக்கு ‘இல்லை’ என வந்தால் ஆர்.டி.-பி.சி.ஆர். முறையில் மீண்டும் ஆய வேண்டும் என்று கழகம் கூறியது. மாநிலங்கள் பல அக்கருவியைப் பெருமளவில் ஏற்றன. தமிழ்நாடு ஆர்.டி.-பி.சி.ஆர். முறையிலேயே நிலைத்து நின்றது.

இத்தேர்வு விலையின்றிக் கிடைத்ததன்று. சூன் 24 முதல் மதுரை மாநகரிலும் சுற்றுப்பகுதிகளிலும் முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. சூலை நடுப்பகுதி வரை நீண்டது. மாதிரிகள் குவிந்தால் விடை தாமதமாகும். விடை வரும் வரை நாட்கூலித் தொழிலாளி வேலைக்குச் செல்லாமல் காத்திருக்க வேண்டும். தாமதமான சரியான விடையைவிட உடனடியான அரைகுறை விடையே மேல் என்று வாதிட்டவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லை என்று கூற மாட்டோம். ஆய்வகங்கள் இல்லாத நிலப்பரப்பில் விரைவுக் கருவியே ஒரே துணை. ஆனால், மருத்துவக் கல்லூரிகள் பல மாவட்டங்களில் பரவியுள்ள தமிழ்நாட்டில், ஆய்வகங்களைப் பெருக்கிக் காத்திருப்பு நேரத்தைக் குறைக்க வழி இருந்தது. அவ்வழி இருக்கையில், இருவருள் ஒருவரைத் தவறவிடக்கூடிய முறையை ஏற்பதற்குக் காரணம் வலுவாக இல்லை. தொற்று மிகக் குறைவாக உள்ள பகுதிகளில் ஐந்து பேர் வரையிலான மாதிரிகளை ஒன்றாகக் கலந்து ஆயும் முறைக்கும் கழகம் ஏப்ரலிலேயே இசைவளித்திருந்தது. கலவையில் வைரஸ் இல்லையெனில் ஐவரும் ஒரே ஆய்வில் விடுபடுவர். இருந்தால் ஐவரையும் தனித்தனியே ஆய வேண்டும். ஐவருள் ஒருவரின் வைரஸ் ஐந்து மடங்கு நீர்த்துப்போவதால் ஏறத்தாழ 2.3 சுழற்சிகள் தாமதம் நேரும். ஆர்.என்.ஏ. சிதைந்த மாதிரியாயின் அத்தாமதமே அதனை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும்.

வயல்வெளிக் கொசுவும் உடைந்த இழையும்

பெருந்தொற்றுக்கு நெடுங்காலம் முன்பே மதுரை ஆர்.என்.ஏ. வைரஸ்களைத் தேடிய ஊராகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் 1985இல் இங்கு நிறுவப்பட்டது. பிற்காலத்தில் அது புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் கள நிலையமாயிற்று. நெல்வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பற்றிய ஆய்வுகள் அம்மையத்தின் முதன்மைப் பணிகளுள் அடங்கும். அந்நோய் இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலில் 1955இல் வேலூர்ப் பகுதியிலேயே அறியப்பட்டது. குழந்தைகளைப் பெரிதும் தாக்குவது; பிழைத்தவர்களிலும் பலருக்கு நரம்புக் குறைபாட்டை விட்டுச்செல்வது.

கொசுக்களிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து அதன் முழுமையைப் பார்க்கும் மாணவர் ஒருவர் முதல்முறை திகைத்தே தீருவார். நாம் முன்பு கூறிய இரு பட்டைகளுள் பெரிய பட்டையைக் காணவே இயலாது. சிறிய பட்டையின் இடத்தில் மட்டும் ஒரு தடித்த பட்டை நிற்கும். கருவி தாழ்ந்த முழுமை எண்ணைத் தரும். மாதிரி சிதைந்துவிட்டது என்று எண்ணி அதனைக் கொட்டிவிட்டு, மீண்டும் வயலுக்குச் சென்று கொசு பிடிக்கத் தோன்றும். உண்மையில் மாதிரி கெடவில்லை. பெரும்பாலான பூச்சிகளில் பெரிய ரைபோசோம் இழை, இயல்பாகவே நடுவில் ஒரு மறைவான வெட்டுடன் அமைந்திருக்கிறது. இரு பாதிகளும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் செல்லுக்குள் அது குறையின்றி இயங்கும். ஆய்வகத்தில் சூடாக்கியதும் இரு பாதிகளும் பிரிந்து, ஏறக்குறையச் சிறிய இழையின் நீளத்திலேயே வந்து சேர்ந்துகொள்ளும். ஏடிஸ் கொசுவின் செல்களில் இது 1970களிலேயே கண்டறியப்பட்டுள்ளது. மனிதச் செல்லுக்கென வகுத்த எண்ணைக் கொசுவுக்கு இட்டுப் பார்த்ததுதான் அங்கு நேர்ந்த பிழை. அம்மாதிரியை அப்படியே ஒருபடி முறையில் ஆய்வுக்கு உட்படுத்தலாம். வைரஸ் இருந்தால் வெளிப்படும்.